தாயும் குஞ்சும் சக்குலன்ட்: மட்டக்களப்புக் காலநிலைக்குள்ள வளர்த்து, பெருக்கி, பிரிச்சுக் குடுக்கிற முழு வழி

நுவரெலியா, பண்டாரவளை பக்கம் ட்ரிப் போற ஆக்கள் ஒரு சக்குலன்ட் (தடிச்ச இலைக்குள்ள தண்ணி சேமிக்கிற செடி) சாடி இல்லாமத் திரும்பி வாறது குறைவு, மறுகா தைப்பொங்கல் வரமுன்னம் அது அழுகிக் குப்பைக்குப் போறதும் வழமை. கேட்டா "நம்மட ஊர் வெயிலுக்கு இது சரிவராது" எண்டு சொல்லுவாங்க. வெயில்ல செத்தது குறைவு. வருசக் கடைசி மழையிலயும், ராவையிலயும் இறங்காத புழுக்கத்திலயும், போதாததுக்கு நாம பாவப்பட்டு ஊத்துற தண்ணியிலயும்தான் கூடச் சாகுது. கீழ இருக்கிற ஒழுங்கு முழுக்க அந்த மழையை வச்சுப் போட்டது, அதனால நடுவில ஒண்டைப் பாய்ஞ்சு செய்யாதீங்க.

1. என்ன செடி எண்டு பார்த்து எடுங்க

தாயைச் சுத்திக் குஞ்சு மாதிரிக் குட்டிச் செடி வைக்கிறதால தாயும் குஞ்சும், இங்கிலீசில ஹென்ஸ் அன்ட் சிக்ஸ், எண்டு ரெண்டு செடிக்கும் சொல்றாங்க. ஒண்டு செம்பர்விவம். அது ஐரோப்பா மலைச் செடி, அல்ப்ஸ் பக்கம் பாறை இடுக்கில பனிக்குள்ள கிடந்து வளருறது. சுவிஸ், ஜேர்மனியில இருக்கிற நம்மட ஆக்கள் வீட்டு வாசல்ல சாடியில வச்சிருக்கிறது அதுதான். மற்றது எச்சிவேரியா, மெக்சிகோ மேட்டு நிலத்துச் செடி. நம்மட மலைநாட்டுக் கடைகள்ல கூடுதலாக் கிடக்கிறது இது.

பிரிச்சுப் பார்க்கிறது லேசு. செம்பர்விவத்துக்கு இலை கொஞ்சம் மெல்லிசு, நுனி கூரா இருக்கும், கிட்டப் பிடிச்சுப் பார்த்தா இலை ஓரம் முழுக்கப் பூனை மயிர் மாதிரி குட்டி முடி தெரியும். எச்சிவேரியா இலை தடிப்பு, ஓரம் வழுவழுப்பு, மேல வெள்ளையாப் பவுடர் பூசின மாதிரி இருக்கும். பூக்கிற நேரம் இன்னும் நல்லாத் தெரியும், செம்பர்விவத்துக்கு நடுக்குருத்தே நீண்டு பூவாகும், எச்சிவேரியாவுக்கு இலைக்கு இடையில இருந்து பக்கத்தால தண்டு வரும்.

செம்பர்விவத்துக்குக் குளிர்காலம் எண்டு ஒண்டு வேணும். அது நம்மட கரையில கிடையாது, அதனால இங்க அதை வளர்க்கப் பாடுபடுறது வீண். சுவிஸ் அண்ணாட்டச் சொல்லி சூட்கேசுக்குள்ள போட்டுக் கொண்டுவாற ஐடியாவையும் விட்டுடுங்க, 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி வெளிநாட்டுச் செடிக்கு முன்கூட்டியே அனுமதி எடுக்க வேணும், எயார்போட்ல பறிச்சா நட்டம் உங்களுக்கு.

புதுசாத் தொடங்குற ஆளுக்கு நான் குடுக்கிறது எச்சிவேரியாகூட இல்ல, அதுக்குச் சொந்தக்காரச் செடி கிராப்டோபெட்டலம், கடையில கோஸ்ட் பிளான்ட் எண்டு சொல்லுவாங்க. சாம்பலும் ஊதாவும் கலந்த நிறம், தண்டு நீண்டு சாடிக்கு வெளிய தொங்கும், தொட்டாலே இலை கழரும். நம்மட வெக்கையை எச்சிவேரியாவை விட நல்லாத் தாங்குது, ஒரு இலையிலயிருந்தே முளைக்குது. அது கையில நிண்டா மறுகா எச்சிவேரியாவில எலிகன்ஸ் மாதிரி நல்லாக் குஞ்சு வைக்கிற சின்ன வகைக்குப் போங்க. சுருள் சுருளா இலை இருக்கிற பெரிய எச்சிவேரியா வடிவுதான், ஆனா குஞ்சு வைக்கிறது குறைவு, பிரிச்சுக் குடுக்க நினைக்கிற ஆளுக்கு அதால பெரிசாப் பிரயோசனம் இல்ல.

குஞ்சு பிரிச்சுப் பழகிறதுக்கு எண்டா வீட்டுக் கற்றாழையே போதும். அதுவும் பக்கத்தால குஞ்சு வைக்குது, பிழைச்சுப் போனாலும் கவலை இல்ல.

2. எப்ப தொடங்கிறது

மாசி, பங்குனி. அதுக்கு முன்னம் வேணாம்.

மட்டக்களப்புக்கு வருசத்தில 1,600 மில்லிமீற்றருக்கு மேல மழை, அதில பாதிக்கு மேல கார்த்திகை, மார்கழி, தை மூண்டு மாசத்துக்குள்ளயே கொட்டுது. புதுசாக் கொண்டுவந்த செடிக்கு வேர் பிடிச்சிருக்காது, வேர் இல்லாத செடியால மண்ணில கிடக்கிற தண்ணியை எடுக்க ஏலாது, எடுக்காத தண்ணி மண்ணிலயே நிண்டு தண்டை அழுக்கும். மாசியில வச்சா அதுக்குக் கச்சான் காத்து தொடங்கமுன்னம் வேர் விட ரெண்டு மூண்டு மாசம் கிடைக்கும்.

டிசம்பர் லீவுக்கு நுவரெலியா போறவங்களுக்கு இது கஷ்டம்தான், தெரியும். அப்பிடி வாங்கிட்டீங்க எண்டா 8ஆம் பகுதியில சொல்லியிருக்கிற மழைக்காலப் பராமரிப்புல வச்சு, மாசி வரைக்கும் சாடி மாத்தாம விடுங்க.

3. மண் கலவை: செடி வாங்கமுன்னமே செஞ்சு வைங்க

கனபேர் செடியை வாங்கிட்டுத்தான் மண் தேடுறாங்க, தேடிக் கிடைக்காம தும்புத்தூளுக்குள்ள நட்டுடுறாங்க. தும்புத்தூள் அந்தூரியத்துக்கு நல்லம். இதுக்கு எமன். ஒருக்கா நனைஞ்சா நம்மட ஈரக்காத்தில கிழமைக்கணக்காக் காயாது.

நான் போடுற அளவு இதுதான்: ஆத்து மணல் ஒரு பங்கு, செங்கல் துண்டு ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, நல்லா மக்கின கொம்போஸ்ட் ஒரு பங்கு. சரியா அளக்க வேணாம், டின் ஒண்டால அள்ளிப் போட்டாப் போதும்.

மணல் பருமனா இருக்க வேணும். கடற்கரை மண்ணை அள்ளிட்டு வராதீங்க, அது மெல்லிசு, உப்பும் கிடக்கு. கழுவினா உப்புப் போகும், மெல்லிசு போகாது, மெல்லிசு மண் ஒண்டோட ஒண்டு இறுகிக் காத்துப் போற இடத்தை அடைச்சுடும்.

செங்கல்லைச் சாக்குக்குள்ள போட்டுச் சுத்தியலால உடைச்சு, மிளகு அளவில இருந்து கடலை அளவு வரைக்கும் இருக்கிறதை மட்டும் எடுங்க. அரிச்சுத் தூளைக் கொட்டிடுங்க. இந்தத் தூளை அரிக்காம விடுறதுதான் கூட நடக்கிற பிழை, பார்க்கக் கல் கல்லா இருந்தாலும் ரெண்டு தரம் தண்ணி ஊத்தினதும் தூள் அடியில இறங்கிச் சேறாகிடும்.

உமிக்கரி சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் அரிசி மில்லுகள்ல கேட்டாக் கிடைக்கும். சாம்பல் கூட இருந்தா ஒருக்காக் கழுவிக் காய வைங்க. பச்சை மாட்டெரு வேணாம், வேர் வெந்துடும்.

கலந்து முடிய ஒரு சாடியில நிரப்பி, ஒரு டம்ளர் தண்ணியை ஊத்திப் பாருங்க. ஊத்தி முடியமுன்னமே அடியால வர வேணும். மேல குளம் கட்டி நிண்டா இன்னும் செங்கல் போடுங்க.

4. சாடி

ஓட்டை உள்ள மண் சாடி, செடியை விட ஒரு விரல் அகலம் கூட இருந்தாக் காணும். பெரிய சாடி எண்டா மண் கூட, மண் கூட எண்டா ஈரம் கூட. குஞ்சுகளுக்கு யோகட் கப் தாராளம், சூடாக்கின கம்பியால அடியில நாலு ஓட்டை போடுங்க.

சாடிக்கு அடியில கல் அடுக்கிறது பழைய பழக்கம், தண்ணி வடியும் எண்டுதான் அடுக்கிறாங்க, ஆனா மண்ணில இருக்கிற தண்ணி கல்லுக்கு மேல வந்து தேங்கி நிண்டுட்டுத்தான் கீழ இறங்கும், அதனால ஈரம் வேருக்குக் கிட்ட வந்துடும். ஓட்டைக்கு மேல மண் கொட்டாம ஒரு ஓட்டுத் துண்டோ நுளம்பு நெட் துண்டோ வச்சாச் சரி, மற்றதெல்லாம் கலவை மண்தான்.

சாடிக்குக் கீழ தட்டு வைக்காதீங்க. வேரும் அழுகும், டெங்கு நுளம்பும் வளரும்.

5. கொண்டுவந்த செடியை நடுறது

கொண்டுவந்த அண்டைக்கே நட வேணாம். நிழல்ல, காத்துப் படுற இடத்தில, தண்ணி ஊத்தாம நாலைஞ்சு நாள் வைங்க. மலைநாட்டுக் குளிர்ல இருந்து இறங்கின செடி, அது முதல்ல புழுக்கத்துக்குப் பழக வேணும், மற்றது காய்ஞ்ச மண் உதிர்க்க லேசு.

மறுகா சாடியில இருந்து எடுத்து, வேரோட ஒட்டியிருக்கிற தும்புத்தூளை விரலால உதிர்த்து எடுங்க. முழுக்க எடுங்க. நடுவில ஒரு உருண்டை விட்டா, சுத்தி எல்லாம் காய்ஞ்சிருக்க அந்த உருண்டை மட்டும் ஈரமாக் கிடந்து அடித்தண்டை அழுக்கும். கறுத்த வேர், நூல் மாதிரிச் செத்த வேர் எல்லாம் வெட்டுங்க. கீழ காய்ஞ்சு ஒட்டியிருக்கிற இலையையும் கழட்டுங்க, அதுக்குள்ளதான் பூச்சி ஒளியும்.

வெட்டின செடியை ரெண்டு மூண்டு நாள் பேப்பர் மேல சும்மா வைங்க. வெட்டுக்காயம் காய்ஞ்சு தோல் மூட வேணும். இதைப் பார்த்துப் பயந்து கெதியா நட்டுடுறாங்க, பயப்பட ஒண்டும் இல்ல, தண்ணி முழுக்க இலைக்குள்ள சேமிப்பில இருக்கு.

மறுகா காய்ஞ்ச கலவையில நடுங்க. கீழ் இலை மண்ணுக்கு மேல நிக்க வேணும். முதல் தண்ணி ஒரு கிழமை கழிச்சு.

இதெல்லாம் செய்யக்க செடியை அடியில பிடிங்க, இலையில கை வைக்காதீங்க. அந்த வெள்ளைப் பவுடர் செடி தானே விடுற மெழுகு, வெயில்ல இருந்து காப்பாத்துறதும் அதுதான், ஒருக்கா விரல் பட்டு அழிஞ்ச இலையில அது திரும்ப வராது.

6. எங்க வைக்கிறது

கிழக்குப் பார்த்த விறாந்தை. காலமை வெயில் ஒரு மூண்டு நாலு மணித்தியாலம் படட்டும், பத்து மணிக்குப் பிறகு நிழல். வீட்டுக்குள்ள மேசையில வச்சா தண்டு நீண்டு, இலைக்கு இலை இடைவெளி விட்டு, வெளிச்சம் தேடி வளைஞ்சு வடிவு கெட்டுடும்.

அப்பிடி நீண்டு போன செடியைக் கண்டதும் தூக்கி நடு வெயில்ல வைக்கிறதுதான் அடுத்த பிழை. ஒரே நாளில இலை வெந்து பழுப்புத் தழும்பு விழும், அது மாறாது. ரெண்டு கிழமைக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா வெயிலைக் கூட்டுங்க.

கச்சான் காலத்தில, வைகாசியில இருந்து ஆவணி வரைக்கும், தகரக் கூரைக்குக் கீழயும் சீமெந்து நிலத்திலயும் வைக்காதீங்க. மேலயும் கீழயும் இருந்து சூடு அடிக்கும், பொழுதுபட்டாலும் சீமெந்து ஆறாது. ஒரு பலகையில, காத்து அடியால போற மாதிரி உயர்த்தி வைங்க.

7. தண்ணி

நாள் கணக்கு வைக்காதீங்க, ஈர்க்கை வைங்க. விளக்குமாத்தில ஒரு ஈர்க்கு உருவி சாடிக்கு அடிவரைக்கும் குத்தி, கொஞ்ச நேரம் விட்டு இழுத்துப் பாருங்க. மண் ஒட்டினாலோ நுனி குளிர்ந்தாலோ ஊத்த வேணாம். சுத்தமா வந்து, கீழ் இலையும் கொஞ்சம் மெதுவாகிச் சுருக்கம் காட்டினா அடியால வடியிற அளவுக்கு ஊத்துங்க. சின்னச் சின்னதா நாளாந்தம் தெளிச்சா மேல் மண் மட்டும் நனையும், வேர் கீழ போகாது.

காலமை ஊத்துங்க, இலையடுக்குக்கு நடுவில படாம ஓரத்தால. நடுவில நிண்டா பேப்பரை முறுக்கி உறிஞ்சி எடுங்க.

ஒண்டு முக்கியமா விளங்கிக்கொள்ள வேணும். இந்தச் செடிகள் ராவையிலதான் இலைத் துளையைத் திறந்து காத்து எடுக்குது, பகல்ல மூடிக்கொண்டு தண்ணியை மிச்சம் பிடிக்குது. ராவு குளிரா இருந்தா நல்லா வேலை செய்யும். நம்மட ஊர்ல ஆனி ஆடியில ராவையிலயும் 25, 26 பாகைக்குக் கீழ இறங்கிறது குறைவு, அதனால அந்த நேரம் எச்சிவேரியா வளராம சும்மா நிக்கும். மற்றப் பூக்கண்டுக்கு வெக்கை எண்டா கூடத் தண்ணி, இதுக்கு அப்பிடி இல்ல, வளராத செடி தண்ணி குடிக்காது. சும்மா நிக்குதே எண்டு பசளை போடவும் வேணாம். பசளை போடுறதெண்டா மாசி பங்குனியில, பக்கற்றில எழுதியிருக்கிறதில கால்வாசிப் பலத்தில ஒருக்காப் போதும்.

காத்தான்குடி, ஆரையம்பதி, அங்கால கல்முனை, திருக்கோவில் எண்டு கரையோரத்தில கிணத்துத் தண்ணி உவரா இருக்கிற வீடுகள் கனக்க. சாடி ஓரத்தில வெள்ளையா உப்புப் படியுது எண்டா அந்தத் தண்ணிதான். மழைத்தண்ணியை மூடி உள்ள பரலில பிடிச்சு வச்சா இந்தச் செடிகளுக்கு மாசக்கணக்காக் காணும், குடிக்கிறதே கொஞ்சம்தானே.

8. மழைக்காலம்: புரட்டாதியில ஆயத்தம்

முதல் மழைக்குப் பிறகு ஓடித் திரியாதீங்க. புரட்டாதி முடியிறதுக்குள்ள எல்லாச் சாடியையும் கூரைக்குக் கீழ கொண்டுவாங்க. வெளிச்சமும் வேணும் எண்டதால வெளிச்சம் ஊடுபோற பிளாஸ்டிக் சீற் நல்லம். பக்கத்தை பொலித்தீனால அடைச்சுக் கட்டாதீங்க, உள்ளுக்க புழுங்கும். வாடைக்காத்துச் சாரல் அடிக்கிற பக்கத்தை மட்டும் மறைச்சு மற்றப் பக்கம் திறந்து விடுங்க.

சாடிக்குச் சாடி ஒரு கை இடைவெளி. தொங்கவிட்ட சாடியெல்லாம் இறக்கிடுங்க, கார்த்திகை நம்மட பக்கம் புயல் மாசம். வெள்ளம் ஏறுற வளவு எண்டா நிலத்திலயும் வைக்க ஏலாது.

தண்ணி மாசத்துக்கு ஒருக்கா, சில மாசம் அதுவும் இல்ல. இலை சுருங்கினாச் சுருங்கட்டும். சுருங்கின செடியை ஒரு தண்ணியில எழுப்பலாம், அழுகின செடியை எழுப்ப ஏலாது.

அழுகல் எப்பிடி இருக்கும் எண்டு பார்த்து வைங்க. தண்ணி இல்லாத இலை மெல்லிசாகி, சுருங்கி, தண்டோட இறுக்கமா நிக்கும். அழுகிற இலை எதிர்மாறா ஊதி, மஞ்சளாகி, வெளிச்சத்துக்குப் பிடிச்சா ஊடுதெரியும், விரல் பட்டதும் தண்ணியாக் கழண்டு விழும். பெரிய ஆள் மாதிரி மேல் குருத்து பச்சையா நிமிர்ந்து நிக்கும், கீழ தண்டு கறுத்திருக்கும்.

அப்பிடிக் கண்டா அண்டைக்கே வெட்ட வேணும். புது பிளேட் எடுத்துக் கறுப்புக்கு மேல வெட்டுங்க, வெட்டின முகத்தில நடுவில ஒரு பழுப்புப் புள்ளி இருந்தாலும் இன்னும் மேல, புள்ளி இல்லாம வெள்ளைப் பச்சையாத் தெரியிற வரைக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேட்டை ஸ்பிரிட்ல துடைங்க. தலையைக் காத்தில ஒரு கிழமை காய வச்சு, காய்ஞ்ச கலவை மேல இருத்துங்க.

9. பூச்சி

இலை இடுக்கில பஞ்சு மாதிரி வெள்ளையா ஒட்டினா மீலிபக். எறும்பு சாடியில ஏறி இறங்குது எண்டா தேடிப் பாருங்க, அநேகமா இருக்கும். பாமசியில சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி, கொட்டன் பட்ல தோய்ச்சுத் தொட்டு எடுங்க, பொழுதுபட்ட பிறகு. வேப்பெண்ணெய் தெளிச்சா மெழுகு போகும், வெயில் பட்டா இலை வேகும், அதனால எனக்கு அதில விருப்பம் இல்ல. மழைக்காலத்தில நத்தை ஒரே ராவில குருத்தைத் திண்டுடும், டோர்ச் அடிச்சுப் பொறுக்கிறதை விட நல்ல மருந்து நான் காணல்ல.

10. குஞ்சு பிரிக்கிறது

தாயில மூண்டில ஒரு பங்கு அளவு வரும்வரை பொறுங்க. குஞ்சுக்குத் தாயிட்ட இருந்து கொடி வழியாச் சாப்பாடு வருது, சின்னதில வெட்டினா அதுக்குச் சேமிப்பு காணாது. அடியில சொந்த வேர் தெரிஞ்சா இன்னும் நல்லம்.

பிரிக்க நாலு நாளைக்கு முன்னம் தண்ணியை நிறுத்துங்க. கொடியைத் தாய்க்குக் கிட்டவா வெட்டி, குஞ்சோட கொஞ்சம் நீட்டு விடுங்க. ரெண்டு மூண்டு நாள் காய வச்சுக் காய்ஞ்ச கலவையில இருத்துங்க, தண்ணி ஒரு கிழமைக்கு மேல கழிச்சு. மெல்ல ஆட்டிப் பார்த்தா நிண்டு பிடிக்குது எண்டா வேர் விட்டிருக்கு.

எல்லாக் குஞ்சையும் ஒரே நேரம் எடுக்காதீங்க, ரெண்டு மூண்டைத் தாயோட விடுங்க. மழையில தாய் போனாலும் வம்சம் மிஞ்சும்.

இலையில முளைக்க வைக்கிறதெண்டா கீழ் இலையை அடியில பிடிச்சு இடமும் வலமுமா மெல்ல அசைங்க. மெல்லிசா ஒரு 'டிக்' கேட்டுக் கழரும். கழண்ட நுனி வெள்ளையா, முழுசா, ஒரு சின்னப் பிறை வடிவில இருக்க வேணும். பாதியில முறிஞ்சா விட்டுடுங்க, முளை வாற இடம் தண்டோட நிண்டுடுது. கழட்டின இலையை நிழல்ல நாலு நாள் காயவிட்டு, கலவைக்கு மேல சும்மா வைங்க, புதைக்காதீங்க, தண்ணியும் வேணாம். ரெண்டு மூண்டு கிழமையில றோஸ் நிறத்தில நூல் வேர் வரும், அதுக்குப் பிறகு லேசாத் தெளிங்க. பழைய இலை தானாக் காய்ஞ்சு கழரும், நீங்க பிடுங்காதீங்க, குட்டி இன்னும் அதிலதான் குடிச்சுக்கொண்டு இருக்கு. கிராப்டோபெட்டலத்தில இது சரிவராமப் போறது குறைவு. செம்பர்விவத்துக்கு இந்த வழி சரிவராது, வெளிநாட்டில இருந்து வாசிக்கிற ஆக்கள் குஞ்சையே பிரிங்க, அதோட செம்பர்விவத் தாய் பூத்து முடியச் செத்துப்போகும், அது நோய் இல்ல. எச்சிவேரியா பூத்தாலும் சாகாது.

11. குடுக்கிறது, அனுப்புறது

சித்திரை வருசத்தில இருந்து ஆவணிக்குள்ள குடுத்து முடிங்க. மழை தொடங்கப் போற நேரம் குடுத்தா, புது ஆள், புது இடம், பிடிக்காத வேர், மூண்டும் சேர்ந்து செடி போகும், மறுகா அவங்க இனிச் சக்குலன்ட் பக்கமே வர மாட்டாங்க.

குடுக்கமுன்னம் ரெண்டு கிழமை தனியா வச்சுப் பூச்சி பாருங்க. மீலிபக் போறதே இப்பிடித்தான், கைக்குக் கை.

குடிபூரலுக்கு, பிறந்தநாளுக்குக் குடுக்கிறதெண்டா வேர் பிடிச்ச குஞ்சை யோகட் கப்போட குடுங்க. கப்பில பேரையும் நட்ட திகதியையும் மார்க்கர் பேனையால எழுதுங்க.

கொழும்புக்கு, யாழ்ப்பாணத்துக்கு கூரியர்ல போறதெண்டா மண்ணே வேணாம். மூண்டு நாளைக்கு முன்னம் செடியைக் கழட்டி, மண் உதிர்த்து, வேர் காயவிட்டு, ஒவ்வொண்டையும் டிஷுவில சுத்தி, மட்டைப் பெட்டியில அசையாம அடுக்கி, இடைவெளியில பேப்பர் கசக்கிப் போடுங்க. பெட்டியில காத்துக்கு ஓட்டை குத்துங்க. சொப்பின் பேக் வேணவே வேணாம், உள்ளுக்க வேர்த்து ஒரே நாளில இலை கழண்டுடும். திங்கக்கிழமை போடுங்க, வெள்ளிக்கிழமை போட்டா சனி ஞாயிறு கந்தோருக்குள்ள பூட்டிக் கிடக்கும். கொழும்புக்கு உதயதேவி ரெயில்ல போற ஆள் ஆராவது கிடைச்சா கையில குடுத்து விடுறது எல்லாத்திலயும் நல்லம்.

பெட்டிக்குள்ள ஒரு துண்டில நாலு வரி எழுதி வைங்க: வந்ததும் நட வேணாம், ரெண்டு நாள் நிழல்ல வைங்க, தும்புத்தூள் வேணாம், நட்டு ஒரு கிழமைக்குத் தண்ணி இல்ல, புரட்டாதியில கூரைக்குக் கீழ. உங்கட போன் நம்பரையும் போடுங்க. கார்த்திகையில எடுத்து "அக்கா, இலை மஞ்சளாகுது" எண்டு சொன்னா மேல இருந்து எடுத்த போட்டோவைப் பார்த்து ஒண்டும் சொல்லாதீங்க, கீழ் இலை ரெண்டைக் கழட்டிட்டு அடித்தண்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.